எண்ணூறு ராணிகள்

கடைசிக் குதிரையை அதன் கட்டத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்த ஹெலன், அப்படியே நின்றுவிட்டாள்.

நானூறு மேசைகள். நானூறு சதுரங்கப் பலகைகள். எண்ணூறு நாற்காலிகள். இந்த மூலையிலிருந்து பார்த்தால் அந்த மூலையில் நிற்பவளின் முகம் தெரியவில்லை, புடவை நிறம்தான் தெரிந்தது. கூரையிலிருந்து நூற்று அறுபது நாட்டுக் கொடிகள் தொங்கின. ஏ.சி. காற்றில் எல்லாம் ஒரே பக்கமாக மெல்ல அசைந்தன. மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆர் சாலை ஓரம், போன வருஷம் வரைக்கும் சவுக்குத் தோப்பாக இருந்த இடம் இது.

"யக்கோவ், இன்னா சிலை மாதிரி நின்னுகினு கீற?" என்றாள் கன்னியம்மா.

"நம்ப கையாலதான் இத்தனையும் வெச்சோமான்னு பார்க்கிறேன்டி."

"பின்ன, காத்தா வந்து வெச்சிட்டுப் போச்சு? இடுப்பு வலி எனக்குத்தான் தெரியும்."

முப்பத்தாறு பேர். எல்லாரும் புதுப்பட்டினம் ரோஜா மகளிர் குழு. ஹெலன்தான் தலைவி. கல்யாண மண்டபங்களில் நாற்காலி போடுவது, இலை போடுவது, பரிமாறுவது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது, இதுதான் குழுவின் வேலை. முகூர்த்தம் இருந்தால் வேலை இருக்கும். ஆடி வந்தால் கை ஓய்ந்துவிடும். அந்த ஆடியில்தான், யாரும் கேட்காமலேயே, உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டி அவர்கள் கடற்கரைக்கு வந்து இறங்கியது.

2022-ல் ஒலிம்பியாட் நடந்தபோது இவர்கள் ஈசிஆர் ஓரம் நின்று, போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, கண்ணாடி பஸ்களைப் பார்த்துக் கையசைத்தவர்கள். இந்த முறை கயிற்றுக்கு அந்தப் பக்கம். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. கன்னியம்மா நேற்று அந்த அட்டையோடேதான் படுத்தாளாம்.

ஆனால் அட்டை இன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும். ஏற்பாடுகளைக் கவனிக்கும் சென்னைக் கம்பெனியின் மேனேஜர் ஆதித்யா, காலையில் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தான்.

"இன்னிக்கு மூணு மணிக்கு முதல் ஆட்டம். உங்களுக்கு இது ட்ரையல். ரெண்டு மணிக்குத் தலைமை நடுவர் வந்து ஹாலைப் பார்ப்பாங்க. அவங்க சரின்னு சொன்னா பதினோரு நாளும் உங்க டீம்தான். ஒரு வரிசை தப்பா இருந்தாலும், ஸாரி, நைட்டே என் ரெகுலர் ஆளுங்க சென்னையிலேர்ந்து வந்துடுவாங்க. அடுத்த மாசம் இதே ஹால்ல டாக்டர்ஸ் கான்பரன்ஸ் இருக்கு. அப்புறம் அலைச்சறுக்குப் போட்டி. எல்லாத்துக்கும் எந்த டீம்னு இன்னிக்கே முடிவு பண்ணிடுவேன்."

டாக்டர்கள் மார்கழியிலும் கூடுவார்கள். அலைக்கு ஆடி கிடையாது. முகூர்த்தம் பார்க்காத வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே ஹெலனுக்கு அன்றுதான் உறைத்தது.

மணி ஒன்று நாற்பது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லோகநாயகி உள்ளே வந்தார். அணுபுரம் டவுன்ஷிப்பில் குடியிருப்பவர், அங்கேயே நூலகத்தில் வேலை. இந்தப் போட்டியின் துணை நடுவர்களில் ஒருவர். நேற்று இவர்களுக்குக் காய் வைக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"அருமை, அருமை" என்று சிரித்தபடி வந்தவர், முதல் மேசையருகே நின்றார். அடுத்த மேசைக்குப் போனார். மூன்றாவது மேசைக்கு ஓடினார். சிரிப்பு போய்விட்டது.

"ஹெலன்... யார் சொல்லி ராணியை இப்படி வெச்சீங்க?"

"இன்னா மேடம் ஆச்சு?"

"வெள்ளை ராணியும் கறுப்பு ராணியும் எதிரெதிரே நிக்கணும். இங்கே பாருங்க. வெள்ளை ராணிக்கு எதிர்ல கறுப்பு ராஜா நிக்கிறான். எல்லாப் போர்டுலயும் ஒரு பக்கம் ராஜாவும் ராணியும் இடம் மாறியிருக்கு!"

ஹெலன் அடுத்த மேசைக்குப் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

பக்கத்து வரிசையில் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன்ல? கன்னியம்மா வெச்சதுதான் தப்புன்னு."

"ஐய, என்னுது கரீட்டு. நீ வெச்சதுதான் தப்பு. பொண்ணு மாப்பிள்ளைக்கு எந்தக் கைப் பக்கம்? வலது கைப் பக்கம்."

"எந்த ஊர்ல? இடது கைப் பக்கம்!"

"இன்னாக்கா பேசற நீ! நான் எங்க வூட்டுக்காரருக்கு வலது பக்கம் குந்திகினுதான் தாலி வாங்கினேன். ஆல்பம் கீது, எடுத்தாரட்டா?"

"நானும்தான் பாஸ்டருக்கு முன்னாடி இடது பக்கம் நின்னு மோதிரம் மாத்தினேன். எங்கிட்ட சி.டி.யே கீது!"

ஹெலன் தலையில் கைவைத்துக்கொண்டாள். இப்போது புரிந்தது. தப்பு அவளுடையது.

நேற்று லோகநாயகி ஒரு பலகையை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரத்தில் யானை, அடுத்து குதிரை, அடுத்து மந்திரி, நடுவில் ராஜாவும் ராணியும். "இந்த ராணி எந்தப் பக்கம்னா..." என்று ஆரம்பித்தபோது போன் வந்தது. விமான நிலையத்தில் ஒரு நாட்டு அணியின் பெட்டிகள் காணவில்லையாம். அவர் அப்படியே பேசிக்கொண்டு வெளியே ஓடினார், திரும்பவில்லை. கன்னியம்மா ஹெலனைப் பார்த்து, "யக்கா, ராணி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஹெலன் நின்றது வெள்ளைக் காய்களுக்குப் பின்னால். ராஜாவுக்கு இடப்பக்கம் ராணி. சர்ச்சில் அவளும் கணவன் ஸ்டான்லியும் நின்றது போலவே. மனசு நிறைந்து சொன்னாள்: "இதுகூடவா தெரியாது? கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளை நிக்கிற மாதிரிதான்!"

முப்பத்தாறு பேரும் தலையாட்டினார்கள். முப்பத்தாறு பேரும் தங்கள் தங்கள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டார்கள். மண்டபத்தில் மாலை மாற்றியவர்கள் எல்லா ராணியையும் வலப்பக்கம் வைத்தார்கள். சர்ச்சில் மோதிரம் மாற்றியவர்கள் எல்லா ராணியையும் இடப்பக்கம் வைத்தார்கள்.

"தப்பு என்னோடதும்தான், சொல்லி முடிக்காம போயிட்டேன்" என்றார் லோகநாயகி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினேழு நிமிஷம் இருக்கு. கேளுங்க. வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்துல நிக்கணும். கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்துல."

"எது மேடம் கறுப்பு? எல்லாம் பழுப்பாதான கீது?" கன்னியம்மாவின் குரல் உடைந்துவிட்டது. மற்றவர்களும் ஆளுக்கொரு காயைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பினார்கள். ஒருத்தி ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டாள்.

ஹெலன் ஒரு பலகையின் முன் குனிந்தாள். வெள்ளைப் பக்கம் போய் நின்று பார்த்தாள். சுற்றி வந்து கறுப்புப் பக்கம் நின்று பார்த்தாள். மறுபடி வெள்ளைப் பக்கம் ஓடினாள்.

"மேடம், சரியா வெச்சா வெள்ளை ராஜாவுக்கு ராணி இடது கைப் பக்கம்தான?"

"ஆமா."

"கறுப்பு ராஜாவுக்கு வலது கைப் பக்கம்?"

"ஆமா, அதுதான் எதிரெதிரே..."

ஹெலன் நாற்காலி மீது ஏறி நின்றாள். கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்தால் சமையல்கட்டு வரை கேட்கும் குரல் அவளுக்கு.

"எல்லாரும் கேளுங்க! யாரும் தப்பு பண்ணல. வெள்ளை சர்ச்சு கல்யாணம். கறுப்பு மண்டபக் கல்யாணம். வெள்ளை கவுன் போட்டவங்க எல்லாம் வெள்ளைப் பக்கம் போங்க. கூறைப் புடவை கட்டினவங்க எல்லாம் கறுப்புப் பக்கம் போங்க. எதிர்ப் பக்கத்தைத் தொடாதீங்க. உங்க பக்கம் உங்க கல்யாணம் மாதிரி கீதான்னு மட்டும் பாருங்க. இல்லன்னா மாத்துங்க. உப்பு வைக்கிறவ உப்பு மட்டும், அப்பளம் வைக்கிறவ அப்பளம் மட்டும். ஓடு!"

பிறகு முப்பத்தாறு புடவைகள் இரண்டாகப் பிரிந்தன.

லோகநாயகி வாயைத் திறந்தவர் மூடவில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சதுரங்கம் ஆடுகிறார். ராஜாவையும் ராணியையும் இப்படி ஒருவரும் பார்த்து அவர் கேட்டதில்லை. வரிசை வரிசையாக, ஒரு பக்கம் ஜெசிந்தாவின் ஆட்கள், எதிர்ப் பக்கம் கன்னியம்மாவின் ஆட்கள், நாற்று நடும் வேகத்தில் நகர்ந்தார்கள். யோசிக்க ஒன்றுமில்லை. கண் பார்த்தது, கை மாற்றியது.

"ஏய், உன் மாப்பிள்ளை சாஞ்சிகினு கீறான், நிமிர்த்து!"

"குடிச்சிருப்பான்டி!"

"பேசாம கையை நகர்த்துங்க!"

பத்தொன்பதாவது வரிசையில் மட்டும், அங்கே காய் வைத்த ரோகிணி வழிமறித்து நின்றாள். "என் வரிசையில ராணிங்க எதிரெதிராத்தான் நிக்குது. சரியா கீது. நேரத்தை வேஸ்ட் பண்ணாம அடுத்ததைப் பாருங்க" என்றாள். லோகநாயகி தூரத்திலிருந்து பார்த்தார். ஆமாம், எதிரெதிரேதான் நின்றன. தலையாட்டினார். எல்லாரும் அந்த வரிசையைத் தாண்டிப் போனார்கள்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஹெலன் நாற்காலியைத் துடைத்து உள்ளே தள்ளினாள். இரண்டு மணிக்குக் கதவு திறந்தது.

தலைமை நடுவர் ஒரு பெண். வெள்ளை முடி, ஆறடிக்கு மேல் உயரம், ஏதோ பனி நாட்டுக்காரர். பின்னால் ஆதித்யா. நடுவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் நடக்க ஆரம்பித்தார். மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. குழு முழுக்கச் சுவரோரம் நின்றது. அவர் ஒவ்வொரு வரிசையைக் கடக்கும்போதும் ஹெலன் விரலை மடக்கி எண்ணினாள். பத்து. பதினைந்து. பதினெட்டு.

பத்தொன்பதில் நின்றார்.

ஒரு ராணியைத் தொட்டார். அடுத்த பலகைக்குப் போனார். அந்த வரிசை முழுக்க நடந்து திரும்பி வந்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். ஆதித்யாவின் முகம் சுண்டியது.

"ஹெலன்! இந்த வரிசையில ராஜா, ராணி ரெண்டு பக்கமும் மாறியிருக்குன்னு சொல்றாங்க. நான் காலையிலேயே சொன்னேன்ல?"

லோகநாயகி ஓடி வந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். எதிரெதிரேதான் நின்றார்கள். ஆனால் இரண்டு ராணிகளும் ராஜாவின் கட்டத்தில்.

ஹெலன் ரோகிணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"யக்கா... எனக்குக் கல்யாணம் செங்கல்பட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான நடந்துச்சு. அங்க ஏது பக்கம்? கையெழுத்துப் போட்டோம், வந்துட்டோம். அதான் ரெண்டு ராணியும் மூஞ்சியப் பார்த்துகினு நிக்கட்டும்னு நானா வெச்சேன்."

தலைமை நடுவர் லோகநாயகியைப் பார்த்தார். என்ன சொல்கிறாள் என்பது போல் புருவம் உயர்ந்தது. லோகநாயகி தயங்கினார். சொன்னால் எல்லாம் வெளியே வரும். மற்ற வரிசைகள் எல்லாம் இருபது நிமிஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தன என்பதும் வெளியே வரும்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் ஹெலன். "நான் சொன்னதைத்தான் இவங்க செஞ்சாங்க. என் தப்புன்னே சொல்லுங்க."

லோகநாயகி சொன்னார். சொல்லச் சொல்ல ஹெலனால் சும்மா நிற்க முடியவில்லை. வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் போய் ஜெசிந்தாவை இடப்பக்கம் இழுத்து நிறுத்தினாள். "சர்ச். ஒயிட்." சுற்றி வந்து கறுப்புப் பக்கம் நின்று கன்னியம்மாவை வலப்பக்கம் நிறுத்தினாள். "மேரேஜ் ஹால். பிளாக்." பிறகு ரோகிணியைக் காட்டினாள். "ஷி... ரிஜிஸ்டர் ஆபீஸ்."

தலைமை நடுவர் கன்னியம்மாவைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவர் முகம் அப்போதும் சிரிக்கவில்லை. வெள்ளைப் பக்கம் போய் நின்று, தன் இடது கையை உயர்த்திப் பார்த்தார். கறுப்புப் பக்கம் போய் வலது கையை உயர்த்திப் பார்த்தார். நாற்பது வருஷமாக இந்தப் பலகையோடு வாழ்ந்தவர், அதை முதல் தடவை பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்.

பிறகு ரோகிணியிடம் கையால் ஜாடை காட்டினார்: மாற்று.

ரோகிணி மாற்றினாள். பதினொரு பலகை. அவள் முடிக்கும்வரை அவர் கூடவே நடந்தார். முடிந்ததும் ஆதித்யாவிடம் நாலைந்து வாக்கியம் பேசிவிட்டு, மீதி வரிசைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

"இன்னா மேடம் சொன்னாங்க?" லோகநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஹெலன்.

லோகநாயகிக்குக் கண் கலங்கிச் சிரிப்பு வந்தது. "முதல் நாள் தப்பில்லாத ஹாலை எந்த நாட்டுலயும் பார்த்ததில்லையாம். நாளைக்குப் புது ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தா, அவங்கள்ல யார் யாருக்கு எங்கே கல்யாணம் ஆச்சுன்னு முதல்லேர்ந்து கேட்கணுமாம். அதுக்குத் தனக்கு நேரம் இல்லையாம்."

ஆதித்யா போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடுங்க. லிஸ்ட்ல உங்க டீம் பேர் போடறேன்." இரண்டடி போனவன் திரும்பினான். "இன்னிக்கு ஆட்டம் நடக்கும்போதும் உள்ளேயே இருக்கணும். முடிஞ்ச போர்டை எல்லாம் திரும்ப அடுக்கணும். ஒரு சத்தம் வரக் கூடாது. செருப்புகூட வேண்டாம்."

கன்னியம்மா ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சத்தம் வராமல் குதித்தார்கள்.

அன்றே மூன்று மணிக்கு எல்லாக் கதவுகளும் திறந்தன.

ஹெலன் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறாள். முகூர்த்தக் கூட்டம், மாசி மகத்துக்குக் கடற்கரையில் கூடும் கூட்டம், கிறிஸ்துமஸ் ஆராதனைக் கூட்டம். இது வேறு. கறுப்பு நிறத்தவர்கள், செம்பட்டை முடிக்காரர்கள், தலைப்பாகைக்காரர்கள், முக்காடிட்ட பெண்கள், சக்கர நாற்காலியில் ஒருவர், அவருக்கு அடுத்து கண் தெரியாத ஒருவர். கண் தெரியாதவருக்குத் தனிப் பலகை. அவர் உட்கார்ந்ததும் விரல்களால் ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தார். முப்பத்திரண்டையும் தொட்டுவிட்டு, திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த மேசையில் காய் வைத்தது ஜெசிந்தா. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எண்ணூறு பேர் உட்கார்ந்தார்கள். மைக்கில் ஒரு வாக்கியம். எண்ணூறு பேர் எதிராளியின் கையைக் குலுக்கினார்கள். பலகைக்குப் பக்கத்தில் இருந்த நானூறு ஆட்டக் கடிகாரங்கள் ஒன்றாகத் தட்டப்பட்டன.

அதன் பிறகு ஒன்றுமில்லை.

அப்படியொரு அமைதி இருக்க முடியும் என்று ஹெலன் நினைத்ததே இல்லை. இருபது பேர் கூடினாலே சந்தை ஆகிவிடும் உலகத்திலிருந்து வந்தவள் அவள். இங்கே எண்ணூறு பேர், நூற்று அறுபது நாடு, யாரும் மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், சாலைக்கும் அந்தப் பக்கம், அலை விழுவது மட்டும் மெல்லக் கேட்டது. இந்தக் கடலை நாற்பது வருஷமாகக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"யக்கா" என்று காதோடு காதாகக் கன்னியம்மா கேட்டாள், "இவங்க சண்டை போட்டுகினு கீறாங்களா, ஜெபம் பண்ணிகினு கீறாங்களா?"

ஹெலன் விரலை உதட்டில் வைத்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, ஏழாவது வரிசையில் முதல் ஆட்டம் முடிந்தது. பதினான்கு வயதுகூட இருக்காத ஒரு சிறுமி எழுந்து, ஆட்டத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு எதிரே தோற்றவர், தாடி வைத்த பெரிய மனிதர், எழுந்திருக்கவில்லை. லோகநாயகி தூரத்திலிருந்து ஹெலனுக்குக் கண்ணைக் காட்டினார்.

ஹெலன் வெறுங்காலோடு நடந்தாள். இருபுறமும் குனிந்த தலைகள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையருகே போய் நின்றாள். பலகையில் ஆறே ஆறு காய்கள்தான் மிச்சம். மீதியெல்லாம் ஓரத்தில் கிடந்தன. தாடிக்காரர் அந்த ஆறு காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் வருத்தம் இல்லை. ஏதோ பெரிய மலையைக் கீழிருந்து பார்ப்பவர் போல இருந்தார்.

ஹெலன் காத்திருந்தாள். அவளும் பார்த்தாள். ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். எதிரே ராஜா, சிப்பாய், சிப்பாய். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காலையில் அவள் கையால் வைத்துவிட்டுப் போன முப்பத்திரண்டு மரக்காய்களுக்குள், இந்த மனிதரை எழவிடாமல் செய்யும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதை ஒரு சிறுமி கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்து, பலகையை நோக்கிக் கையை நீட்டி, உங்களுடையது என்பது போலத் தலையசைத்து நகர்ந்தார்.

மேசையில் இன்னும் அவர் உள்ளங்கையின் ஈரம் இருந்தது. ஹெலன் தன் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் யானையை எடுத்தாள்.